தலையாட்டும் கருவி

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு என் பேச்சு புரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை ஆண்டுகளில், நான் வாய் திறந்தால் கடைக்காரர்கள் ஒரு கணம் விழித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். அது பழகிவிட்டது. ஒரு பெட்டியும் என்னை விளங்கிக்கொள்ளாது என்பது, கணவரின் தம்பி சேகர் அந்த விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்யும் நண்பர் கொடுத்ததாம். கையில் எதையும் பிடித்து விளையாட வேண்டியதில்லை. தொலைக்காட்சியின் மேல் வைத்த நீளமான கறுப்புக் கண் நம் உடலைப் பார்க்கும், நம் குரலையும் கேட்கும். சேகர் "ஸ்டாப்" என்றான், படம் நின்றது. என் எட்டு வயது மகள் மதுரா சொன்னாள், நின்றது. நான் எங்கள் ஊர் வழக்கில் "ஸ்டொப்" என்றேன். அது பாட்டுக்கு ஓடியது. மூவரும் சிரித்தோம்.

பிறகு மதுராவைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினான். "ரெண்டு கையும் மேல தூக்கு லா. அசையாம நில்லு, ஒன்னய அது கண்டுபிடிக்கணும்ல."

அவள் கைகளை உயர்த்தினாள். கருவிக்குள் ஏதோ முனகியது. அந்தக் கறுப்புத் தலை மெல்ல நிமிர்ந்து, அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்துக் குனிந்தது.

போர்க்காலத்தில் ஒருநாள் இராணுவம் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்து, எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச்சொன்னது. ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடிய ஒருவன் இருந்தான். கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டைகள். ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் அவனைத் தலையாட்டி என்போம். அவன் முன்னால் ஒவ்வொருவராகக் கைகளை உயர்த்தி நிற்க வேண்டும். அவன் அசையாதிருந்தால் வீட்டுக்குப் போகலாம். என் அண்ணா நின்றபோது அந்தத் தலை மேலும் கீழும் ஆடியது. அண்ணாவைத் திரும்பிப் பார்க்கக்கூட விடவில்லை. இன்றுவரை அவர் வரவில்லை.

"கையைக் கீழ போடு பிள்ளை!" என்று கத்தினேன். "ஸ்டொப்! ஸ்டொப்!"

கருவி மறுபடியும் தலையாட்டியது. மதுராவை இழுத்த வேகத்தில் அவள் முழங்கால் மேசையில் இடித்தது. வயரைப் பிடுங்கினேன்.

"அண்ணி, அது படமெல்லாம் எடுக்காது. சும்மா கேம் லா," என்றான் சேகர்.

"அது பிள்ளையைப் பாத்துத் தலையாட்டிப்போட்டுது."

"மோட்டார் அண்ணி. ஆட்டினாத்தான் ஆளோட ஒயரம் தெரியும்."

எங்கள் பினாங்கு வீட்டில் அதுவரை அண்ணா 'காணாமற்போனவர்' மட்டுமே. அன்றுதான் மைதானத்தைப் பற்றிச் சொன்னேன். மதுரா முழங்காலைத் தடவியபடி கேட்டாள்: "என்னயும் பாத்து ஆட்டிச்சே மா. நானும் போயிருவேனா?"

"இல்லை" என்று சொல்ல எனக்கு ஒரு கணம் பிந்தியது. அந்தக் கணத்தை அவள் கவனித்துவிட்டாள்.

கருவியைத் திருப்பிக்கொண்டு போவதாகச் சேகர் சொன்னான். நான்தான் வேண்டாம் என்றேன். என் பயம் அவளுடைய ஊரில் குடியேற வேண்டாமே என்று நினைத்தேன். இப்போது அவள் விளையாடும்போதெல்லாம் நான் சமையலறை வாசலில் நிற்கிறேன். திரையில் அவளுடைய முழு உருவம் துள்ளுகிறது. ஓரத்தில் ஒரு தோள், ஒரு கை, பாதி முகம் மட்டும் நிழலாகத் தெரிவது நான். மீதிப் பாதி அதற்கு அகப்படுவதில்லை. அதைத் தேடி அந்தக் கறுப்புத் தலை முனகிக்கொண்டு நிமிர்கிறது, குனிகிறது. நான் கூடத்துக்குள் போவதுமில்லை, வாசலை விட்டு விலகுவதுமில்லை.