மாப்பிள்ளை என்று பார்க்காத நாய்

அரசாங்கத்துக்குப் பொருள் வாங்கிக் கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். தேவை என்ன என்று முதலில் எழுத வேண்டும், பிறகு தகுதிகளை வகுக்க வேண்டும், அதன் பிறகுதான் விலை கேட்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கு நாய் வாங்கியபோது இந்த ஒழுங்கை யாரும் மதிக்கவில்லை. ஆனாலும் அதைவிடச் சரியான கொள்முதலை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

அரியலூரில் சிமெண்ட் ஆலை வேலையில் இருந்த சித்தப்பா, ஆபீசர்கள் வீட்டில் பார்த்த அல்சேஷனைத் தவிர வேறெதையும் நாய் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு அடிக்கடி கறி போட வேண்டும் என்றதும் அம்மா, "இந்த வூட்ல மனுசருக்கே தீவாளிக்குத்தான் கறி. அத வாங்குனா அது மிச்சம் வச்சத நாம தின்னலாம்" என்றாள். தாலுகா ஆபீஸ் கிளார்க்கான அப்பா ராஜபாளையம் நாய்க்கு ஆசைப்பட்டு, விலையைக் கேட்டதோடு தெளிந்தார். எனக்குச் சடைசடையாக, மடியில் வைத்துக்கொள்ளத் தோதாக ஒன்று வேண்டியிருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

அத்தை ஒன்றே ஒன்று சொன்னாள். "தெரிஞ்ச ஆளு வந்தாலும் உள்ள வுடக்கூடாதுண்ணே."

அப்படியொரு முட்டாள் நாய் எதற்கு என்று நான் நினைத்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. பாடாலூரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கிருந்து அவ்வப்போது முகம் வீங்கி வருவாள். பல்வலி என்று எனக்குச் சொல்வார்கள். வீக்கம் வடிந்ததும் மாமா வெள்ளை வேட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, விருந்து சாப்பிட்டு, அவளை அழைத்துக்கொண்டு போவார். மாப்பிள்ளையை வாசலில் நிறுத்தக்கூடாது. அவர் பெண்டாட்டியை அவர் கேட்டால் மறுக்கக்கூடாது. அரசாங்க விதியிலாவது விலக்கு உண்டு. இந்த முறை, இனிப் போக மாட்டேன் என்று அத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கும் அனுப்ப மனமில்லை. அதை மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லும் வாய்தான் அவருக்கு இல்லை.

வாலிகண்டபுரத்தில் ஒருவர் ஆடுகளை விற்றுவிட்டு, கிடைக் காவலுக்கு வைத்திருந்த செவலைப் பெட்டை நாயைச் சும்மா தருவதாகச் சொன்னார். கூழோ பழையதோ எது ஊற்றினாலும் குடிக்கும் என்றதில் அம்மாவுக்குத் திருப்தி.

"ஒரு கொறை இருக்குங்க சார்" என்றார் அவர். "சோறு வக்கிற கையத் தவிர யாரையும் நம்பாது. என் மச்சானையே கடிச்சிருச்சு."

அப்பா தயங்கினார். அத்தை, "இதே போதும்ணே. நாந்தான் சோறு வப்பேன்" என்றாள்.

செவலை எங்கள் வீட்டுக்கு வந்தது. பழகிவிட்ட பிறகு எங்களை மட்டும் முகர்ந்து பார்த்து, போனால் போகிறது என்று விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். வாசல் படலைத் தொட்டதும் செவலை பாய்ந்தது. அத்தை அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"வாங்க மாப்ள, வாங்க!" என்றார் அப்பா, உள்ளே இருந்தபடியே.

"நாயப் புடிச்சுக் கட்டுங்க மச்சான்!"

"சங்கிலியத்தான் தேடுறேன் மாப்ள. இங்கதான் எங்கயோ கெடந்துச்சு."

கட்டிலுக்கடியில் தேடினார். அரிசிக் குதிருக்குள் எட்டிப் பார்த்தார். சங்கிலியோ கதவோரத்து ஆணியில், அவர் மூக்குக்கு நேராகத் தொங்கியது. "அப்பா, அந்தா..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

மாமா மிக்சரை அள்ளி வீசிப் பார்த்தார். செவலை அதை மிதித்துக்கொண்டு குரைத்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. "நாய வச்சு மாப்பிள்ளைய வெரட்டுற வூடா இது?" என்று கத்தினார். "வாயில்லா சீவன், அதுக்கு மரியாத தெரியல மாப்ள. மனசுல வச்சிக்காதீங்க" என்று அப்பா உள்ளிருந்தே உருகினார். மாமா திரும்பிப் போனார். அப்புறமும் சில முறை வந்தார். ஒவ்வொரு முறையும் சங்கிலி தொலைந்தது. பிறகு வரவில்லை.

அத்தை எங்களோடே இருந்து தையல் கற்றாள். நான் கல்லூரிக்குப் போனது அவள் மிஷின் மிதித்ததால்தான். அந்த நாய்க்கும் அப்பாவுக்கும் நான் பட்ட கடன் தீராது.

ஆனால் அன்றைக்கு, மண்ணில் கிடந்த மிக்சரைப் பார்த்து அழுதுகொண்டிருந்த எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. கண்ணெதிரே தொங்கும் சங்கிலிகூடத் தெரியாத இந்த மனிதரை, தாலுகா ஆபீசில் எப்படி வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?