சிஸ்டர் நின்ற இடங்கள்

நம் கோயில் வாசலில் உள்ள கரும்பலகையில் பூசை நேரம், கல்யாண அறிவிப்பு, மரணச் செய்தி எல்லாவற்றையும் உபதேசியார் சாக்பீஸால் எழுதிப் போடுவார். படிக்கக் கற்றதிலிருந்து அதைப் படிக்காமல் நான் உள்ளே போவதில்லை. அன்று காலையும் நின்று படித்தேன். "பிலோமினா மேரி, ஓய்வு பெற்ற செவிலியர், இறைவனடி சேர்ந்தார். அடக்கம் இன்று மாலை." செவிலியர் என்ற சொல் எனக்குப் புதிது. அதில்கூடத் தடுமாறாமல் தாண்டிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் முதலிலிருந்து இன்னொரு முறை சத்தமாகப் படித்தேன்.

பின்னால் பால் பாக்கெட்டோடு நின்றிருந்த லில்லி, "இன்னாண்ணா, சிரிச்சிக்கினே படிக்கிறீங்க?" என்றாள். "அது நம்ம சிஸ்டர்ணா."

அவர் பெயர் எனக்குத் தெரியாது. உங்களிலும் பலருக்குத் தெரிந்திருக்காது. நமக்கு அவர் சிஸ்டர், அவ்வளவுதான். கன்னியாஸ்திரீ அல்ல, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சாவுச் செய்தியை முகம் மலர்ந்து, ஒரு பிழையில்லாமல், இரண்டு தடவை படித்தவன் நான். இதைச் சொல்லாமல் மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் அந்தோணி. காக்ஸ் டவுன் பேக்கரியில் அடுப்படியில் நின்றே வயதானவன். வேலை விட்ட பிறகு கோயில் கூடத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் தமிழ் படித்தேன். பிறகு கன்னட எழுத்தும், ஓரளவு இங்கிலீஷ் எழுத்தும் வந்தன. மெதுவாகத்தான் எழுதுவேன். வெறும் தாளில் ஒரு சொல் எழும்பி வருவது, அடுப்புக்குள் பன் எழும்பி வருவதைப் போல இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். இந்த எழுத்தை எழுதும்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்து பெஞ்சில் சிஸ்டர் உட்காருவார். மடியில் ஒரு எவர்சில்வர் தட்டு. சத்து மாத்திரை, புரோட்டீன் பவுடர், மூலிகை லேகியம், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய டப்பா என்று எதைப் பற்றிக் கேட்க வந்தாலும் ஒரே பதில்தான்: "பைய கொட்டு." ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி இது நல்லதா என்று கேட்டால் பதில் வராது. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, தலைவலித் தைலம்வரை எல்லாம் தட்டில் விழுந்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

லில்லி ஒரு நாள் இரும்புச் சத்து மாத்திரையோடு சண்டைக்கே வந்தாள். "இவ்ளோ நாளா சாப்புடுறேன் சிஸ்டர், ரத்தமே ஏறல. நீங்க சொன்ன டாக்டர் சரியில்ல."

"எதுல முழுங்குற?"

"டீயிலதான்."

"டீ அந்தச் சத்த ஒடம்புல சேரவிடாதுடி. மாத்திரைய ஒரு பக்கம் போட்டு, டீய வுட்டு அத வெளிய தொரத்திட்டு, டாக்டர வேற திட்டுறியா?"

லில்லி யோசித்து, "அப்போ காப்பியில?" என்று கேட்டாள். சிஸ்டர் தட்டால் அவள் தலையில் ஒன்று வைத்தார். கெபி முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

ஐடி கம்பெனிப் பையன் ஒருவன் பெரிய புரோட்டீன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஜிம்முக்குப் போகிறவன். "ஆன்ட்டி, இது கிட்னிய கெடுத்துடும்னு சொல்றாங்களே, நெஜமா?"

"ஒன் கிட்னி நல்லா இருக்கா?"

"இருக்குன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறதெல்லாம் ஆபீஸ்ல வெச்சிக்கோ. கிட்னி எப்படி இருக்குன்னு ரத்தம் குடுத்துப் பாரு. நேத்து மத்தியானம் என்ன சாப்புட்ட?"

"மீட்டிங் ஆன்ட்டி. சாப்புடல."

"சோத்துக்குப் பதிலா டப்பாவா? மொதல்ல முட்டை, பருப்பு, கடலைன்னு ஒழுங்கா சாப்புடு. அதுக்கு மேல பத்தலன்னா வா, பேசலாம்."

மூலிகைதானே, இயற்கைதானே, ஒன்றும் செய்யாது என்று யாராவது ஆரம்பித்தால், கெபியைச் சுற்றிப் பூத்திருக்கும் அரளியைக் காட்டுவார். "அதுவும் இயற்கைதான். ரெண்டு எலை பறிச்சுக் கஷாயம் வெச்சுத் தரட்டா?" தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்ல மாட்டார். "எனக்குத் தெரியல. இதே பையோட டாக்டர்கிட்ட போ" என்று அனுப்பிவிடுவார். ஊருக்கெல்லாம் இவ்வளவு சொன்னவர், நான் பேக்கரியிலிருந்து கொண்டுவரும், உள்ளே இனிப்புத் தேங்காய் வைத்த தில்பசந்தை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடுவார். "இத எந்தத் தட்டுலயும் கொட்டாத" என்பார்.

படிக்க வந்த பிறகு என் பையை நான் அந்தத் தட்டில் கொட்டுவதை நிறுத்திவிட்டேன். சிஸ்டர் கேட்டதற்கு, "நானே படிச்சிக்கிறேன் சிஸ்டர்" என்றேன். அவருக்கும் சந்தோஷம்தான். "பரவால்லியே அந்தோணி" என்று என் முதுகில் தட்டினார்.

என் மனைவி ரோசலினுக்கு எலும்பு வலி. முன்பொரு முறை டாக்டர் வைட்டமின் டி மாத்திரை எழுதித் தந்து குணமாகியிருந்தது. வலி திரும்ப வந்தபோது, டாக்டரிடம் போகாமல், பழைய அட்டையைக் கடையில் காட்டி அதே மாத்திரையை நானே வாங்கி வந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அர்த்தம் புரியாத இடங்களைப் பக்கத்து வீட்டில் கேட்டேன்.

"முன்ன வாரத்துக்கு ஒண்ணுன்னு சொன்னாங்களே" என்றாள் ரோசலின்.

"எங்க எழுதியிருக்கு, காட்டு? நான் முழுசும் படிச்சிட்டேன். மாத்திரைன்னா தெனமும்தான்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. தினம் காலையில் ஒன்று என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அட்டை தீரத் தீர வாங்கினேன். கடையில் கேட்டதற்கும், டாக்டர் சொன்னதுதான் என்றேன். காலி அட்டைகளைக்கூட எறியவில்லை. வழவழவென்று, எழுத்து தெளிவாக இருக்கும். எடுத்து எடுத்துப் படிப்பேன்.

மாதங்கள் போனபோது ரோசலினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாந்தி. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம். பிறகு பேச்சு குழறியது. செத்துப்போன தங்கையைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னாள். வயதாகிவிட்டது, வெயில் வேறு என்று நான் நினைத்தேன். பூசையில் அவளைக் காணவில்லை என்று சிஸ்டர்தான் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவள் நாக்கைப் பார்த்தார், நாடி பார்த்தார். என் பக்கம் திரும்பி, "வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாம் கொண்டா" என்றார்.

காலி அட்டைக் கட்டையும் சேர்த்துக் கொண்டுபோய் வைத்தேன். அதை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"இது வாரத்துக்கு ஒண்ணு, அந்தோணி."

"அப்படி எழுதலியே சிஸ்டர்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "அட்டைக்கு மாத்திரையப் பத்தித்தான் தெரியும்பா. அத முழுங்குறவ யாரு, அவளுக்கு என்ன நோவு, எவ்ளோ குடுக்கணும், அதெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்? போ, ஆட்டோ கூப்புடு."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கால்சியம் ஏறிப் போயிருக்கிறது, கிட்னி தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரோசலின் பிழைப்பாளா என்று தெரியாமல் நான் வராந்தாவில் கிடந்த அந்த நாட்களில், சாயங்காலம் தவறாமல் சிஸ்டர் வந்தார். நான் கீழே வாசலுக்குப் போய் அவரை அழைத்து வருவேன்.

வார்டு மேல்மாடியில் இருந்தது. தள்ளுவண்டி போகும் நீண்ட சரிவு வழியாக ஏற வேண்டும். கொஞ்ச தூரம் ஏறியதும் சிஸ்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "அந்தோணி, சொல்ப இரு. அந்த போர்டுல என்னப்பா போட்டிருக்கு?" என்பார். கன்னடத்தில் எழுதியிருக்கும். சின்ன வயதிலிருந்து தெருவில் பேசிய பாஷை சுவரில் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. எச்சில் துப்பக் கூடாது, சத்தம் போடக் கூடாது, பார்வையாளர் நேரம் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவேன். "அதுக்குக் கீழ?" என்பார். அதையும் படிப்பேன். திரும்பும் மூலையில் இன்னொரு போர்டு, அங்கேயும் நிற்பார். மனைவி மேலே டிரிப்ஸோடு கிடக்க, செய்த தப்பு நெஞ்சை அழுத்த, அந்த போர்டுகளின் முன்னால் மட்டும் எனக்கு மனசு லேசாகிவிடும். என்னைத் தேற்றத்தான் படிக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் படிப்பதைக் கேட்கத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன்.

ரோசலின் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். சிஸ்டர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். சில மாதங்களில் கரும்பலகையில் அவர் பெயர் வந்துவிட்டது.

அடக்கம் முடிந்து அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அவருடைய அக்கா மகள் காப்பி கொண்டுவந்து தந்தாள். "நீங்கதான் அந்தோணி அங்கிளா?" என்று கேட்டாள். சித்திக்கு ஒரு வருடமாகவே இருதயம் பலவீனமாம். மேடு ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். "ஆஸ்பத்திரிக்கு ஏன் போறீங்க சித்தின்னு நான் சண்ட போடுவேன். அவங்க சிரிப்பாங்க. 'அந்தோணி இருக்கான்டி. ஒரு போர்டக் காட்டிட்டா போதும், நிறுத்தாம படிப்பான். எனக்கு மூச்சு வந்துடும்'னு சொல்வாங்க."

அவள் என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். என் கையில் காப்பி ஆறிக்கொண்டே இருந்தது.

ரோசலினுக்கு நான் செய்த குற்றத்தை அவளிடமே சொல்லி அழுதுவிட்டேன். "சரி வுடு, உசுரோடதான இருக்கேன்" என்று அவள் தீர்த்துவிட்டாள். இதை யாரிடம் சொல்லித் தீர்ப்பது? கைப்பிடியை இறுக்கிய விரல்களையும் ஏறி இறங்கிய தோளையும் என் கண் பார்த்திருக்கிறது. சுவரில் இருந்ததையெல்லாம் படித்தேன். பக்கத்தில் நின்றவரைப் படிக்கவில்லை. ஏன் நிற்கிறீர்கள் சிஸ்டர் என்று ஒரு முறை கேட்டிருந்தால், தில்பசந்தை வாயில் போட்டுக்கொண்டு எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். ஆனாலும் நான் கேட்டிருக்க வேண்டும்.

போன ஞாயிறு லில்லி ஒரு முடி உதிர்வு மாத்திரை டப்பாவோடு வந்தாள். "அண்ணா, நீங்கதான் படிப்பீங்களே, பாருங்க." டப்பாவைக் கையில் வாங்கியதும் எழுத்துகள் என்னைக் கூப்பிட்டன. படித்தும் விட்டேன். பிறகு, "வேற என்ன மாத்திர சாப்புடுற?" என்று கேட்டேன். தைராய்டுக்கு என்றாள். "எனக்குத் தெரியாதும்மா. ரெண்டையும் ஒரே பையில போட்டு டாக்டர்கிட்ட கொண்டு போ" என்றேன். சிஸ்டர் சொன்ன மாதிரியே இருக்கு என்றாள். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் கேள்வியும், தெரியாது என்று சொல்லும் தைரியமும்தான். இவற்றை வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று பூசை முடிந்து வீட்டுக்கு நடந்தபோது, பேக்கரிக்கு எதிரில் ரோசலின் சட்டென்று நின்றுவிட்டாள். அவள் தலைக்கு மேல் புதிதாக ஒரு விளம்பரப் பலகை, கொட்டை எழுத்தில்.

"ஏன் நிக்கிற? மூச்சு வாங்குதா?" என்றேன்.

"இல்லய்யா, செருப்புல கல்லு" என்றாள்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் அதை உதறி எடுக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது.