எட்டு எழுத்துக்கு ஏழு நட்சத்திரம்

ஆரணியில் எங்களுக்குப் பட்டுப்புடவை நெசவும் வியாபாரமும். வெளியூர்க் கடைகளின் ஆர்டர்கள் இ-மெயிலில் வர ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் என் பொறுப்பானது. தினமும் காலையில் மெயில் புரோகிராம் ஒருமுறை பாஸ்வேர்ட் கேட்கும், அடித்தால் திறக்கும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் திறக்கவில்லை. அடிக்க அடிக்க, திரும்பத் திரும்பக் கேட்டது. தீபாவளி ஆர்டர்கள் வரும் நேரம் வேறு.

"பாஸ்வேர்டை மறந்துட்டு மெஷினைக் குறை சொல்லிகினு இருக்கியா?" என்றார் கணவர்.

"தினமும் அடிக்கிறது எப்படிங்க மறக்கும்?" என்றேன்.

அவர் கூட்டி வந்த சர்வீஸ்காரரோ, "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டாதான் சரியாவும்" என்றார். எங்கள் புடவை டிசைன் படங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. வேறு நகல் கிடையாது.

"மெஷின் மேல கை வெக்காதீங்க!" என்று சொல்லி, நாற்காலியை விட்டு எழ மறுத்துவிட்டேன்.

ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக அடித்தேன். இழை எண்ணிப் பழகிய கண்ணாயிற்றே, எண்ணிப் பார்த்தேன். எட்டு எழுத்து அடித்தால் திரையில் ஏழு நட்சத்திரம்தான் விழுந்தது. வேலை செய்யாத பட்டனைக் கண்டுபிடித்து, ஊக்கால் நெம்பி எடுத்தேன். அடியில் காய்ந்துபோன சந்தனம்! முந்தின நாள் தறிக்குப் பொட்டு வைத்த கையோடு கீபோர்டுக்கும் தாராளமாக அப்பியவர் என் கணவர்தான்.

சுரண்டித் துடைத்து மாட்டினேன். முதல் தடவையிலேயே மெயில் திறந்தது.

இப்போது டிசைன் படங்களை சிடியிலும் ஏற்றி வைக்கிறேன். ஆயுத பூஜையன்று பொட்டு மானிட்டருக்கு மட்டும்தான். அதையும் நான்தான் வைக்கிறேன்.