நாங்கள் பொட்டு ஒட்டிய இடம்

கருத்துக் கேட்புக் கூட்டம் என்று யாராவது சொன்னாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். எங்கோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. பல வருஷமாக அந்தக் கூட்டங்களுக்கெல்லாம் சேர் ஏற்றி இறக்கியவன் நான். என் பெயர் அறிவழகன். நல்லதம்பி மாமாவின் குட்டியானை வண்டிக்கு நான்தான் டிரைவர். மாமா என்றால் என் அக்கா முத்தாயியின் புருஷன்.

மாமாவின் அப்பா கடைசிவரை அடுத்தவன் வயலில் குனிந்து நிமிர்ந்தவர். மாமாவுக்கு அது ஒட்டவில்லை. பெரம்பலூரில் ஒரு பந்தல் கடையில் மூங்கில் தூக்கப் போனார். அங்கேயே தொழில் கற்று, பழைய சேராகப் பார்த்து வாங்கிச் சேர்த்து, 'முத்தாயி சாமியானா' என்று எங்கள் காலனி வாசலில் போர்டு மாட்டினார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் அதே வெள்ளைச் சேர்தான்.

பிணம் வைக்கிற ஐஸ் பெட்டியை அவர் வாங்கியதற்கு வேறு காரணம். காலனியில் சாவு விழுந்து டவுனுக்குப் போன் போட்டால், பெட்டி வெளியே போயிருக்கிறது என்பார்கள். அதே பெட்டி கடைவாசலில் வெயில் காய்ந்துகொண்டிருப்பதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். சீ என்று ஆகிவிட்டது மாமாவுக்கு. அக்காவின் தோட்டை விற்று ஒரு பெட்டி வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் யார் செத்தாலும் முதலில் போவது மாமாதான். எடுத்த பிறகு பெட்டியை அவரே கழுவுவார். வேலைக்காரன் கையில் கொடுக்கமாட்டார்.

ஆள் வெள்ளந்தி. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக நடக்கும் கூட்டங்களுக்குச் சேர் கொண்டுபோவோம். சேர் போட்டதும் நான் வண்டியில் படுத்துவிடுவேன். மாமா பின்னால் நின்று கடைசிவரை கேட்பார். கிணறு வற்றிவிட்டது, வீட்டுச் சுவர் பிளந்துவிட்டது என்று ஜனங்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். மேடையில் இருப்பவர்கள் செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு சாம்பார் சாதப் பொட்டலம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமா மட்டும், பேசவாவது விட்டார்களே என்பார்.

இப்போது ரேஸ் டிராக் கதைக்கு வருகிறேன். வாலிகண்டபுரம் போகிற வழியில், நான்கு வழிச்சாலையை ஒட்டி எங்கள் காலனி. காலனிக்குப் பின்னால் சோளமும் பருத்தியும் விளைந்த கரிசல் காடு. அதையும் தாண்டி எங்கள் சுடுகாடு. ஃபேக்டரி வருகிறது, ஊருக்கே வேலை என்று புரோக்கர்கள் சொல்லித்தான் நடுவில் இருந்த நிலத்தை வாங்கினார்கள். வந்தது கார் ரேஸ் விடுகிற மைதானம். வேலை என்று கிடைத்தது நாலு பேருக்குக் கூட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சென்னை, பெங்களூரிலிருந்து வண்டிகள் வந்து காது கிழிய உறுமும். வளைத்துப் போட்டதில் பாதி நிலத்தைக்கூட அவர்கள் தொடவில்லை. மீதியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஆனால் வேலி மட்டும் சுற்றிலும் பக்காவாகப் போட்டுவிட்டார்கள். அந்த வேலிக்குள் போய்விட்டது எங்கள் சுடுகாட்டுப் பாதை.

பாடை தூக்குகிறவர்கள் அதற்குப் பிறகு நான்கு வழிச்சாலையில்தான் போக வேண்டும். எதிரே லாரி, பின்னால் ஆம்னி பஸ். முத்தாயி அக்கா செத்தது ஐப்பசி மழையில். பாடையின் முன்கால் பிடித்தவர் மாயவன். மாமாவின் சின்ன வயசுச் சேக்காளி, சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். சாலை ஓரத்துச் சகதியில் போகும்போது பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான். மாயவனுக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்தது. என் அக்கா ரோட்டில் விழுந்தாள். சேலையெல்லாம் சேறு. லாரி நிற்கவில்லை.

மாமா தன் துண்டால் அக்காவின் முகத்தைத் துடைத்தார். மாயவன்தான் உடைந்துபோனார். அதற்குப் பிறகு மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே சொல்வார். என்னையாவது நேராகத் தூக்கிப் போ, ரோட்டில் போடாதே. மாமாவும் சரி சரி என்று கையைப் பிடித்துச் சத்தியம் செய்து வைத்திருந்தார். அந்தப் பாதையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்பது தவிர மாமாவுக்கு வாழ்க்கையில் வேறு எதுவும் இல்லாமல் போனது.

அப்போதுதான் ரேஸ் கம்பெனி, உபரி நிலத்தை என்ன செய்யலாம் என்று சுற்றுவட்டார மக்களையே கேட்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டியது. சேருக்கும் மைக்செட்டுக்கும் எங்களிடம்தான் வந்தார்கள். வந்த மேனேஜர், காலனி ஜனங்களும் அவசியம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தடவையாக, சேர் போடப் போன இடத்தில் அவருக்கும் உட்கார ஒரு சேர். வீடு வீடாகப் போய் எல்லோரையும் கிளப்பினார். வர மாட்டேன் என்ற மாயவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

கூட்டம் என்றா சொல்வது அதை? ஏசி போட்ட கொட்டகை, ரோஜாப்பூ வரவேற்பு, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட். சுவர் அகலத்துக்கு ஒரு மேப். சென்னையிலிருந்து வந்திருந்த சத்யப்பிரியா என்கிற பெண்தான் எல்லாவற்றையும் நடத்தியது. வட்ட வட்டமாக ஸ்டிக்கர் கொடுப்பார்களாம், அதை மேப்பில் ஒட்ட வேண்டுமாம். முதலில் ஊர்த்தெரு ஆட்களைக் கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் எங்கள் முறை கடைசியில்தானே. எங்களிடம் வரும்போது சிவப்பு ஸ்டிக்கர் மட்டும்தான் மிச்சம். கலர் எதற்கு என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. மேப்பின் ஓரத்தில் பொடி எழுத்தில், அதுவும் இங்கிலீஷில் போட்டிருந்ததாகப் பிறகுதான் தெரிந்தது.

மாமா எழுந்து, பாதை போன கதையைச் சொன்னார். அக்கா விழுந்ததையும் சொன்னார். அந்தப் பெண்ணின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது.

"அய்யா, உங்களுக்கு எந்த இடம் முக்கியமோ அந்த இடத்துல ஒட்டுங்க. அது அப்படியே ரிப்போர்ட்ல வந்துடும்" என்றது அந்தப் பெண்.

மாயவன்தான் முதல் பொட்டை ஒட்டினார். காலனிக்குப் பின்னால் தொடங்கி, சுடுகாடு வரைக்கும், பாதை போன தடத்திலேயே ஒவ்வொருவராக ஒட்டிக்கொண்டே போனோம். கடைசியில் மேப்பில் சிவப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது. போட்டோ எடுத்தார்கள். கை தட்டினார்கள். மாமா திரும்பி வரும்போது வண்டியில் பாட்டுப் போடச் சொன்னார். அக்கா போன பிறகு அவர் பாட்டுக் கேட்டது அன்றைக்குத்தான்.

சில மாதம் கழித்துப் பொக்லைன் வந்தது. சீமைக்கருவேலத்தைப் பிடுங்கினார்கள். மாமா தினமும் வேலியோரம் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். பாதை போடுகிறார்கள் என்று நினைத்தார். ஜல்லி கொட்டி, தார் ஊற்றி, வெள்ளைக் கோடு கோடாகப் போட்டார்கள். பிறகு வாசலில் ஒரு போர்டு நட்டார்கள். 'பொதுமக்களின் விருப்பப்படி அமைக்கப்பட்ட வாகன நிறுத்துமிடம்.'

மாமாவும் நானும் மேனேஜரைப் பார்க்கப் போனோம். அந்த ஆள் உட்காரச் சொல்லவில்லை. அந்த மேப்பின் போட்டோவை எடுத்துக் காட்டினார். பச்சை என்றால் பூங்கா, நீலம் என்றால் சாப்பாட்டுக் கடைகள், சிவப்பு என்றால் பார்க்கிங். உங்கள் ஆட்கள் அத்தனை பேரும் சிவப்பைத்தான் ஒட்டியிருக்கிறீர்கள், இவ்வளவு ஒற்றுமையாக வேறு எந்தத் தெருவும் ஒட்டவில்லை என்றார். பாராட்டுகிறாராம். மாமா வாயால் சொன்னதெல்லாம் எங்கே போனது என்று கேட்டேன். ரிப்போர்ட்டில் ஸ்டிக்கர் மட்டும்தான் வரும் என்றார். அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன். மாமா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

வண்டியில் ஏறியும் சாவியைப் போட விடவில்லை. "நான்தான மாப்ள எல்லாத்தையும் கூட்டிட்டுப் போனேன்" என்றார். விஷயம் தெரிந்ததும் மாயவன் சிரித்தார். காறித் துப்பிவிட்டுச் சிரித்தார். மாமாவை ஒரு சொல் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் மாமாவை அரித்தது.

அடுத்த வருஷம் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாயவன் போய்விட்டார். மறுநாள் ஞாயிறு, பெரிய ரேஸ். நான்கு வழிச்சாலை முழுக்கக் கார். காலையில் பாடை கட்ட மூங்கில் வெட்டியாகிவிட்டது. பறை அடிக்கிற தப்புக்காரர்களும் வந்துவிட்டார்கள். மாமா பந்தலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகு, பெட்டியோடு மாயவனை வண்டியில் ஏற்றச் சொன்னார். பாடையை மேலே கட்டச் சொன்னார். ஜெனரேட்டரும் சாமியானாத் துணியும் சேரும் டிராக்டரில் ஏறின. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பார்க்கிங் வாசலில் காவலுக்கு நின்றது பக்கத்து ஊர்ப் பிரேம். வாசல் குறுக்குக் கம்பியைத் தூக்கப் போனவன், பெட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். பிணத்தை உள்ளே விட முடியாது, வேலை போய்விடும் என்று கெஞ்சினான்.

"வண்டி நிறுத்தற இடந்தானப்பா இது? வண்டியிலதான் வந்திருக்கோம். போர்டப் படி. எங்க விருப்பப்படிதான் போட்டிருக்காங்க" என்றார் மாமா.

பிரேம் போர்டைப் பார்த்தான். கம்பி மேலே போனது.

வெள்ளைக் கோட்டுக்குள் வண்டியை அழகாக நிறுத்தினேன். பக்கத்தில் பளபளவென்று ஒரு பெங்களூர் கார். பெட்டியை இறக்கி ஜெனரேட்டரில் சொருகினோம். வெள்ளைக் கோடுகளின் மேல் கம்பு நட்டு, சாமியானாவை இழுத்துக் கட்டி, சேர் போட்டோம். பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார்கள். தப்பு முழங்கியது. அத்தனை வருஷம் எங்கள் காதைக் கிழித்த கார்ச் சத்தம் அன்றைக்குத்தான் எங்களுக்குக் கேட்கவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. கூலிங்கிளாஸ் போட்ட ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் நின்ற பக்கம் ஊதுபத்தி மணம்தான் வந்தது. ஊர்த்தெருக்காரர்கள் நீலப் பொட்டு ஒட்டிக் கிடைத்த சாப்பாட்டுக் கடையில் பிரியாணி ஆறிக் கிடந்தது. பிணத்தைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சாப்பிடுவது என்று ஒருவன் பிரேமிடம் சண்டைக்குப் போனான். என் அக்கா ரோட்டில் விழுந்தபோது எவனுக்கும் சோறு இறங்காமல் போகவில்லை. துப்பவேண்டும் போல இருந்தது எனக்கு.

மேனேஜர் ஓடி வந்தார். முதலில் போலீஸ் என்றார். பிறகு போனில் யாரோ அவரைக் கிழித்தார்கள் போலிருக்கிறது, குரல் இறங்கிவிட்டது. உட்காரக்கூடச் சொல்லாத ஆள், மாமா முன்னால் கை கட்டி நின்றார்.

"என்னதாங்க வேணும் உங்களுக்கு?"

"வழி."

மேனேஜரின் ஆட்களே பின்பக்க வேலியைக் கேஸ் கட்டர் வைத்து அறுத்தார்கள். மாயவனைப் பாடைக்கு மாற்றித் தோளில் தூக்கினோம். முன்கால் பிடித்தவர் மாமா. கருவேல முள் வெட்டிய தடத்தில் நேராக நடந்தோம். ஒருவர் தோள்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை, அதற்குள் சுடுகாடு வந்துவிட்டது. அவ்வளவு பக்கம். அதற்காகத்தான் என் அக்கா சேற்றில் விழுந்தாள். குழிக்குள் இறக்கிய பிறகு மாமா அக்காவைப் புதைத்த இடத்துக்குப் போய் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்கா செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

கதை இதோடு நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாரமே அறுத்த இடத்தில் தகரம் அடித்து வெல்டு வைத்துவிட்டார்கள். சித்திரையில் கம்பெனி ஒரு வழவழப்பான புத்தகம் போட்டது. மக்களோடு சேர்ந்து நிலத்தைத் திட்டமிட்ட பெருமையெல்லாம் அதில். அதற்குள் ஒரு படம். எங்கள் சாமியானா, எங்கள் சேர், எங்கள் பெண்கள். ஐஸ் பெட்டி மட்டும் இல்லை, அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். கீழே எழுதியிருந்தது: 'வாகன நிறுத்துமிடத்தைத் தங்கள் நிகழ்ச்சிகளுக்கும் பயன்படுத்தி மகிழும் கிராம மக்கள்.'

த்தூ. மாயவன் சாவு அவர்களுக்கு நிகழ்ச்சி.

மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வண்டியிலேயே வைத்துப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் வேறொரு ஊர்ச் சாவுக்குப் போய் வந்திருந்தோம். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். வழியைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கழுவின பெட்டியைத் துணியால் ஒற்றித் துடைத்தார். வழக்கம்போல வண்டியிலிருந்து இறக்கி உள்ளே வைக்க நான் கை கொடுத்தேன்.

"எறக்காத மாப்ள, வண்டியிலயே இருக்கட்டும். காலனில அடுத்து யாரு செத்தாலும் அங்கதான் போறோம். நாம பொட்டு ஒட்டுன எடம்."