சேகருக்காக விட்ட தண்ணீர்

காலை ஆறே முக்காலுக்குச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினேன். எண்ணூருக்கு ஐந்து ரூபாய். கிளம்பும் நேரத்தில் வீட்டுத் தரகர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். மகள் கனடாவுக்குப் போனதிலிருந்து சும்மா கிடக்கும் மாடியறைக்கு ஆள் கிடைத்துவிட்டதாம். சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். கோப்புகளை நாளைக்குத் தள்ளி வைப்பதில் எனக்கு அரசு உத்தியோக காலத்துப் பயிற்சி உண்டு.

பயணத்தின் காரணம் ஒரு கூட்டு ஆராய்ச்சி. எண்ணூர்க் கழிமுகத்தில் ஓரிடத்தை வலை போடாமல் விட்டால் இறாலும் மடவை மீனும் திரும்பி வருமா என்று பல்கலைக்கழகமும் ஒரு மீனவக் குப்பமும் சேர்ந்து பார்க்க வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவாக, விதிமுறை தெரிந்த கிழவன் என்று என்னைக் குழுவில் போட்டிருந்தார்கள். இன்றைய ஊர்க்கூட்டம் ஒப்பாவிட்டால் திட்டம் அவ்வளவுதான்.

ராயபுரத்தில் ஏறிய மீன்கூடைகளின் வாசம் திருவொற்றியூர் தாண்டியும் கூடவே வந்தது. எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

"ஆத்துக்கா சார்? மீனு வாங்கவா?" என்றார் ஓட்டுநர். "காசிமேட்டுக்குப் போ சார். இங்க இன்னா கீது?"

எட்டரை மணிக்குக் கரையில் ஆராய்ச்சியாளர் கலைச்செல்வியும் படகோட்டி தேசிங்கும் காத்திருந்தார்கள். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் நிழல் விழுந்த தண்ணீரைக் கடந்து குப்பத்துக்குப் போனோம். இங்கே ஆற்றை இடம் இடமாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன இடம் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். அந்த உரிமைக்குப் பாடு என்று பெயர்.

கோயில் வாசலில் கூட்டம். கலைச்செல்வி கேட்ட காலி இடத்தை ஊர்த் தலைவர் ஒரே பேச்சில் மறுத்தார்.

"பேரு இல்லாத பாட்டுல எவன் வேணா வலை வுடலாம். அதான் எங்க வழக்கம். நீங்க சும்மா வுடுன்னா, அசலூர்க்காரன் வந்து அள்ளிக்கினு போவான்."

அடுத்ததாகத் தேசிங்கின் தம்பி சேகரின் பெயரைப் பாட்டுச் சீட்டிலிருந்து எடுத்துவிடும் பேச்சு வந்தது. அவன் குவைத் போனவன். கடிதம் நின்று வெகுகாலம் ஆகிறது. அவன் பாட்டில் வேறு யாரும் இறங்கக் கூடாது என்பதால் இடம் வீணாகிறதாம்.

"உன் தம்பி அங்க ஏசில குந்திகினுகீறான். சேத்துல வந்து நிப்பானா மாமு?" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

"நிப்பான். பேரு இருந்தா வருவான். பேரையும் எடுத்துட்டா, எங்கடா வருவான்?" என்றார் தேசிங்கு. யாரும் சிரிக்கவில்லை.

தலைமைச் செயலகத்தில் நெடுவிடுப்பில் போனவரின் நாற்காலியைப் பல காலம் பாதுகாத்திருக்கிறேன். ஆள் இருக்கமாட்டார்; பெயர் இருக்கும்; வேறொருவர் உட்கார முடியாது. அதையே சொன்னேன்: "சேகர் பாட்டையே ஆராய்ச்சிக்கு வையுங்கள். அவர் பெயர் இருக்கும்வரை அசலூர்க்காரனும் அங்கே இறங்க முடியாது."

தலைவர் கேட்டார்: "ஒருவேளை அவன் வந்துட்டா?"

"வந்தா முதல் வலை அவர்தான் போடணும்," என்றார் கலைச்செல்வி. "அதுவரைக்கும் நாங்க மீனை எண்ணிக்கிட்டு இருப்போம்."

"அப்டியே வச்சிக்குவோம்," என்றார் தலைவர். தேசிங்கு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பகல் பன்னிரண்டுக்குத் திரும்பினோம். சேகரின் பாடு வந்ததும் தேசிங்கு படகு தள்ளும் கழியைத் தூக்கிவிட்டார். படகு தானாக மிதந்து போனது. சாம்பல் நிறத் தண்ணீர். ஒரு மீனையும் நான் காணவில்லை.

"டேய், உன் எடம் அப்டியே கீது," என்றார், தண்ணீரைப் பார்த்து.

திரும்பும் வண்டியில் கூட்டமில்லை. எங்கள் வீட்டு மாடியறையை நினைத்துக்கொண்டேன். மகள் மாட்டிய நாள்காட்டி அவள் புறப்பட்ட மாதத்திலேயே நிற்கிறது. நான்தான் தாளைக் கிழிக்காமல் விட்டிருக்கிறேன். ராயபுரம் தாண்டும்போது, தரகருக்குச் சொல்ல வேண்டியது முடிவாகிவிட்டது. அந்த அறையில் ஆள் இருக்கிறது.