அண்ணி பார்த்தால்

அந்தத் தெருவில் வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு 'நாளைக்கு' என்றுதான் பெயர். அவர் வாயிலிருந்து அதிகம் உதிர்ந்த சொல் அது. வேலை சுத்தம், மெஷின் உறுமுவதைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். சொன்ன நாளில் போய் நிற்பது மட்டும் அவருக்கு ஆகாத காரியம்.

உலகத்தில் அவர் மிரண்டது ஒருவரைக் கண்டுதான். அண்ணன் மனைவி, நகரப் பேருந்து ஓட்டுநர். ஊர் கண்விழிக்கும் முன்பே முதல் பேருந்தை எடுத்துவிடுவார். யாரையும் திட்ட மாட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "அப்படியா?" என்பார். எதிரில் நிற்பவருக்கு வியர்த்துவிடும்.

ஒரு காலை, அலறிய அலாரத்தை அமுக்கிவிட்டுப் புரண்டு படுத்த மெக்கானிக்குக்குத் திடீரென்று ஒரு நினைப்பு: இப்போது அண்ணி கதவோரம் நின்று பார்த்தால்? போர்வை தானாக விலகியது. மனைவி பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

அன்றிலிருந்து அந்த நினைப்பு அண்ணி அவருடைய வேனிலும் ஏறிக்கொண்டார். டீக்கடை அரட்டை நீண்டால் எழுப்பிவிட்டார். ஒரு நாள் லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் உச்சி மாடியில் மெஷினுக்குப் பேரிங் மாற்றினார் மெக்கானிக். தண்ணீர் கசியாமல் தடுக்கும் பழைய ரப்பர் வளையத்தையே வைத்து மூடிவிட்டார். புதியது கீழே வேனில் கிடந்தது. யார் இறங்கி ஏறுவது? கடைசித் திருகை முடுக்கும்போது காதருகே, "அப்படியா?" முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார், மூச்சு வாங்க ஏறினார், எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார். வீட்டுக்கார அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மனைவி ஒருவழியாக விஷயத்தைக் கறந்துவிட்டாள். "இத்தனை வருஷமா நான் கத்தினது காதுல விழல. இங்க இல்லாத உங்க அண்ணி சொன்னா விழுதா? சாப்பிட அவங்களுக்கும் ஒரு தட்டு வைக்கட்டுமா?"

வைக்கத்தான் வேண்டிவந்தது. முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து, ஓய்வெடுக்க அண்ணி அவர்கள் வீட்டுக்கே வந்தார். அண்ணனுக்கு வெளியூரில் வேலை. மெக்கானிக் வேனைக் கழுவி, தாடியை மழித்து, பரீட்சைக்குப் போகிறவர்போல் காத்திருந்தார்.

காலைத் தினமும் மடக்கி நீட்ட வேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு. அண்ணியோ சோபாவில் சாய்ந்து டிவி பார்த்தார். காலையில் கேட்டால், "சாயங்காலம் பண்றேன்." சாயங்காலம் கேட்டால், "நாளைக்குப் பாக்கலாம் தம்பி."

தன் சொத்தை யாரோ பட்டா போட்டுக்கொண்டதுபோல் இருந்தது மெக்கானிக்குக்கு. மறுநாள் அலாரம் அடித்தது. அண்ணி பார்த்தால்? அண்ணியே பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இவரும் இழுத்துப் போர்த்திக்கொண்டார். அந்த வாரம் முழுக்க வாடிக்கையாளர்கள் போனில் திட்டினார்கள்.

பொறுக்க முடியாமல் ஒரு மாலை கேட்டே விட்டார். "அண்ணி, இருட்டோட எழுந்து பஸ் எடுத்தீங்களே, அது எப்படி?"

"அதுவா? ஸ்டாப்புல ஜனங்க நிப்பாங்க தம்பி. முதல் பஸ்ஸை விட்டா ஆஸ்பத்திரி ஆயாவுக்கு அரைநாள் சம்பளம் போயிடும். அவங்க முகம் கண்ணு முன்னாடி வரும், எழுந்துடுவேன்." அண்ணி காலைத் தடவிக்கொண்டார். "இந்த முட்டிக்கு எந்த ஸ்டாப்புல யாரு நிக்கறாங்க?"

இத்தனை நாள் தன்னை விரட்டிய அண்ணிக்குப் பின்னாலும் ஒரு கூட்டம் நின்று விரட்டியிருக்கிறது! மெக்கானிக் டிவியை அணைத்தார். "நான் நிக்கறேன். மடக்குங்க."

"நீங்களும் மடக்குங்க. தனியா பண்ண எனக்கு வெக்கமா இருக்கு."

இருவரும் தரையில் கால் நீட்டினார்கள். நாலாவது மடக்கிலேயே மெக்கானிக்குக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, "ஐயோ அம்மா!" என்று உருண்டார். சிரித்த சிரிப்பில் அண்ணியின் முட்டி கூடுதலாகவே மடங்கியது.

நோவு தீர்ந்து அண்ணி மறுபடி பேருந்து ஓட்டப் போய்விட்டார். இப்போது விடியற்காலையில் மெக்கானிக் வீட்டுப் போன் அடிக்கிறது.

"கிளம்பியாச்சா தம்பி?"

"கிளம்பிட்டேன் அண்ணி. பயிற்சி ஆச்சா?"

"ஆச்சு ஆச்சு."

இரண்டில் ஒன்று பொய் என்பது மனைவியின் கணிப்பு. ஒரு பக்கத்துப் பொய்யை அவளால் நேரிலேயே பார்க்க முடிகிறது. போர்வைக்குள்ளிருந்து பேசுகிறவரைக் காலால் உதைத்து எழுப்புவது இன்னமும் அவள்தான்.