சீரகம் போட்ட சாம்பிள்

போன வாரம் பாறசாலை ஜங்ஷனை அடுத்த ஒரு கிணற்றுத் தண்ணீருக்குச் சோதனை ரிசல்ட் வந்தது. ‘குடிக்க உகந்தது. எண்ணெய் இல்லை. நிறம் - லேசான மஞ்சள். மணம் - ஏற்கத்தக்கது.’

மணம் ஏற்கத்தக்கதா? அந்தக் கிணற்றடியில் நின்றால் பஸ் டிப்போவில் நிற்கிறோமோ என்று சந்தேகம் வரும்!

விஷயம் இதுதான். தையல்காரி சரோஜத்தின் வீட்டுக்கு மேல்பக்கம், மேட்டில், ஒரு பழைய லாரி ஒர்க்‌ஷாப் இருந்தது. கழிவு ஆயிலையும் டீசலையும் வருஷக்கணக்காக ஒரு குழியில் கொட்டினார்கள். நம் ஊர்த் தரைக்கடியில் இருக்கும் வெட்டுகல், அதாவது செம்பாறை, பெயருக்குத்தான் கல். உள்ளே பார்த்தால் தேன்கூடு. ஆயில் சாவகாசமாக இறங்கி, சரிவு பார்த்து, சரோஜத்தின் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது அந்த இடம் தங்கப்பனுடையது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர். ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் கட்டுகிறார். கறுத்த மண்ணை முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டு அஸ்திவாரம் போடுங்கள் என்றேன். மேலே கான்கிரீட் விழுந்துவிட்டால் அப்புறம் அந்த மண்ணை யார் தொட முடியும்? சரோஜத்தின் கிணறு அதோடு சரி.

“சாரே, டெஸ்ட் ரிசல்ட்டு கொண்டு வாருங்க. எண்ணெ உண்டுண்ணா தோண்டி மாத்துகேன்” என்றார் தங்கப்பன்.

நியாயம்தானே? மாசுக் கட்டுப்பாட்டு வாரிய சர்வீஸில் இருந்தவரை நானும் இதே வாசகத்தைச் சொல்லித்தான் எத்தனையோ பேரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சாம்பிள் எடுப்பதற்கு முறை உண்டு. கண்ணாடிக் குப்பி. காலையில் முதல் வாளித் தண்ணீர். விளிம்பு வரை நிரப்ப வேண்டும். வெயில் படாமல் கறுப்புக் காகிதம் சுற்ற வேண்டும். மேலே வீட்டுப் பெயர் எழுதிய லேபிள். எல்லாவற்றையும் சரோஜத்துக்கு விளக்கி, லேபிளையும் என் கையாலேயே எழுதி ஒட்டி, குப்பியை முந்தின நாளே கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை வாங்கிக்கொண்டு திருவனந்தபுரம் பஸ் ஏறினேன். காகிதம் சுற்றியிருந்ததால் உள்ளே இருந்ததை நான் பார்க்கவில்லை. முறை என்றால் முறை!

ரிசல்ட்டோடு நேரே சரோஜத்திடம் போனேன். “தண்ணீரை எப்படி எடுத்தீங்க?”

“எப்பிடியா? கோரி, நல்லா திளைக்க வச்சு, கொஞ்சம் சீரகம் போட்டு, தோர்த்துத் துணியில அரிச்சு ஊத்தினேனாக்கும்.”

“கொதிக்க வைக்கச் சொன்னது யாரு?”

“வைக்கப்பிடாதுண்ணு சாரு சொன்னியளா? குப்பிக்க மேல எங்க வீட்டுப் பேரு கெடக்குது. ஆப்பீசர்மாரு மோந்து பாப்பினும். நாறுத வெள்ளத்தக் குடுத்துவிட்டா, இன்ன வீட்டு வெள்ளம் நாறுதுண்ணு அங்க முழுக்கப் பேசமாட்டினுமா?”

வீட்டுக்கு வந்தவருக்குச் சீரக வெள்ளம் கொடுப்பது இங்கே மரியாதை. லேபாரட்டரிக்கும் அதே மரியாதை கிடைத்திருக்கிறது. கொதித்ததில் டீசல் பெரும்பாலும் ஆவியாகிப் போயிருக்கும். மிச்ச எண்ணெய் தோர்த்தில் ஒட்டியிருக்கும். மணத்தைச் சீரகம் பார்த்துக்கொண்டது.

மறுசோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். கான்கிரீட்டோ திங்கட்கிழமை! தங்கப்பன் என்னிடமிருந்து ரிசல்ட்டை வாங்கி ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

திங்கட்கிழமை காலை, கான்கிரீட் கலக்க ஏற்பாடு செய்திருந்த தண்ணீர் லாரி வரவில்லை. தங்கப்பன் கலங்கவே இல்லை.

“சர்டிபிகேட் உள்ள வெள்ளம் பக்கத்துல கெடக்கும்போ லாரி என்னத்துக்கு?” என்று சரோஜத்தின் கிணற்றில் ஹோஸ் போட்டார். சரோஜமும் தடுக்கவில்லை. “எடுத்துக்கோ மக்கா” என்றார்.

டிரம் நிறைந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு படலம்... நீலம், ஊதா, பச்சை என்று மயில் தோகை விரித்தது. தங்கப்பன் விரலை விட்டார். தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

“எலே, மோட்டார நிறுத்துலே! இத ஊத்தினா எனக்க பில்டிங் நிக்குமா?”

மதிலுக்கு அந்தப் பக்கம் சரோஜம் நின்றிருந்தார். “தங்கப்பா, உனக்க சிமெண்டுக்கு ஆவாத வெள்ளம் எனக்க தொண்டைக்கு மட்டும் ஆவுமாக்கும்?”

“இல்லக்கா... ரிப்போர்ட்டுல...”

“அப்போ அந்த ரிப்போர்ட்டக் கரைச்சு சிமெண்டுல ஊத்து!”

வேலையாட்கள் சிரிப்பை அடக்க ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தங்கப்பன் என் பக்கம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“சாரே, வெள்ளமே இப்பிடிண்ணா... எண்ணெ குடிச்ச மண்ணுக்க மேல அஸ்திவாரம் நிக்குமா?”

“டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம். ரிசல்ட் வர நாளாகும்” என்றேன். நான் சொன்னது பச்சை உண்மை.

“டெஸ்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே தோண்டுகேன்!”

தோண்டினார். ஆள் உயரத்துக்கும் கீழே கறுப்பு இறங்கியிருந்தது. வாழைத் தோட்டத்துப் பள்ளத்தை நிரப்ப அந்த மண்ணைத் தரமுடியுமா என்று கேட்டு மூன்று பேர் வந்தார்கள்! விரட்டிவிட்டு, நெய்யாற்றின்கரை பக்கத்துச் செங்கல் சூளையில் போட்டு எரிக்க ஏற்பாடு செய்தேன். கிணற்றை இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைக்கிறார்கள். சுத்தமாக ஒன்றிரண்டு மழைக்காலம் ஆகும். அதுவரை தங்கப்பனின் தண்ணீர் லாரி முதலில் சரோஜத்தின் வாசலில் நின்றுவிட்டுத்தான் சைட்டுக்குப் போக வேண்டும். சரோஜம் போட்ட கண்டிஷன்.

மனுஷி குடிக்கும் தண்ணீருக்கு லேபாரட்டரி, லேபிள், சீல்... கான்கிரீட் குடிக்கும் தண்ணீர் என்றால் மட்டும், உடனே மூக்கு வேலை செய்கிறது!